எண்பத்து மூன்று படிகளின் கூட்டு மேலாண்மை

அன்று வந்திருந்தவர்கள் மொத்தம் பதினாறு பேர்.

நகராட்சித் தரப்பில் நான்கு பேர்: உதவிப் பொறியாளர், அவருடைய கோப்புகளைச் சுமந்து வந்த எழுத்தர், திட்ட ஒருங்கிணைப்பாளராகிய ஓர் இளம்பெண், படம் எடுப்பவர். கீழ்த் தெருவிலிருந்து ஐந்து பேர்: தையல்காரர், அவர் மனைவி, மருந்துக் கடைக்காரர், சலவைக்கடை அண்ணன் தம்பியில் தம்பி மட்டும், என் மனைவியின் தங்கை. மேல் தெருவிலிருந்து ஏழு பேர்: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கொத்தனார், பேருந்து நடத்துநர், அவருடைய மாமியார், எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத தபால்காரர், என் மனைவி, நான். நாற்காலிகள் இருபத்தைந்து போட்டிருந்தார்கள். ஒன்பது மிச்சம். அந்த ஒன்பதும் படத்தில் விழாதபடி எங்களை ஒரு மூலையில் நெருக்கி உட்காரவைத்தார் படம் எடுப்பவர். படத்தில் பார்த்தால் இடம் போதாமல் மக்கள் திரண்டது போல இருக்கும்.

இதையெல்லாமா எண்ணிக்கொண்டிருந்தாய் என்று கேட்டால், ஆமாம். முப்பத்து நான்கு வருஷம் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணியவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கண்ணில் பட்டதை எண்ணாமல் விட்டது கிடையாது.

எங்கள் மேல் தெரு மேட்டில் இருக்கிறது. கீழ்த் தெரு பள்ளத்தில் இருக்கிறது. நடுவில் கல் படிகள். பேருந்து நிறுத்தம், மருந்துக் கடை, தையல் கடை எல்லாம் கீழே. எட்டு மாதத்துக்கு முன்னால் குடிநீர்க் குழாய் பதிக்க வந்த நகராட்சி ஆட்கள், மேலிருந்து எண்ணினால் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று ஆகிய படிகளைப் பெயர்த்தார்கள். குழாயைப் பதித்தார்கள். கல்லை எடுத்துக்கொண்டு மண்ணை விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் மண்ணும் போய்ச் சேர்ந்தது. மிச்சம் ஒரு வழுக்குச் சரிவு.

என்னைப் போன்றவர்கள் கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பொதுமக்கள் பார்க்கக்கூடாத ஒரு நிலையில் அதைக் கடந்துவிடுவோம். என் மனைவியால் முடியாது. வலது முழங்காலில் அறுவை செய்தவள். படி இருந்தால் மெதுவாக இறங்குவாள், ஏறுவாள். சரிவில் கால் நிற்காது. அவள் தங்கை கீழ்த் தெருவில் தனி ஆள். மூச்சிரைப்பு இருப்பதால் மேலே ஏறி வரமாட்டாள். ஆகவே ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு இவள்தான் கீழே போவாள். ஆறு மணி வரை இருவரும் சண்டை போடுவார்கள். அறுபது வருஷத்துப் பழைய சண்டை. இன்னும் தீர்ப்பு வரவில்லை. படி போனதிலிருந்து சண்டைக்கு ஆள் இல்லாமல் இருவரும் மெலிந்துவிட்டார்கள். சாலை வழியாகச் சுற்றினால் ஆறு கிலோமீட்டர். ஒருநாள் வண்டி பிடிக்கலாம். தினமும் நாலு மணிக்கு யார் பிடிப்பது? போனில் பேசலாமே என்று நான் சொன்னதற்கு, "போன்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

ஐந்து மனு எழுதினேன். ஐந்துக்கும் சேர்த்து ஒரு பதில் வந்தது. மனு என்பது பழைய முறை என்றும், மக்களையும் நகராட்சியையும் பிரித்துப் பார்க்கும் மனப்பான்மை அதில் உள்ளது என்றும், இனிமேல் 'கைகோத்த தெருக்கள்' என்னும் கூட்டு மேலாண்மைத் திட்டத்தின்கீழ் எல்லாம் இணைந்தே நடைபெறும் என்றும் அதில் இருந்தது. "இவ்வளவு நாள் அவங்க தனியா செய்யாம இருந்தாங்க. இனிமே எல்லாரும் சேர்ந்து செய்யாம இருக்கலாம்னு சொல்றாங்க" என்று நடத்துநர் விளக்கினார். அந்தத் திட்டத்தின் முதல் கூட்டம்தான் அன்று நடந்தது. கிளை அலுவலகத்து மண்டபத்தில். கீழ்த் தெருக்காரர்களை அழைத்துவர வண்டியே அனுப்பியிருந்தார்கள். ஆகவே எட்டு மாதத்தில் முதல்தடவையாக அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, வரவேற்புரை முடிவதற்குள் இரண்டு சண்டையை முடித்திருந்தார்கள்.

"வணக்கம் பங்குதாரர்களே!" என்றாள் ஒருங்கிணைப்பாளர். எங்களில் யாரும் எதிலும் பங்கு வாங்கியதில்லை என்பதால் திரும்பிப் பார்த்தோம். பின்னால் ஒன்பது காலி நாற்காலிகள்தான் இருந்தன. இந்தக் கூட்டங்களில் கைதட்டக்கூடாதாம். இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களை ஆட்டவேண்டுமாம். நடத்துநரின் மாமியார் அதைப் பார்த்து, யாரையோ துப்பாக்கி காட்டி மிரட்டுகிறார்கள் என்று பயந்துவிட்டார். பிறகு ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்து, தெருவைப் பற்றிய எங்கள் கனவை எழுதச் சொன்னாள்.

என் மனைவி எழுதினாள்: மூணு படி.

"அம்மா, இது கோரிக்கை. நான் கேட்டது கனவு."

"கனவுலயும் அதுதாம்மா வருது."

ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சுவரில் 'உறவு சார்ந்த ஏக்கங்கள்' என்ற தலைப்பின்கீழ் அந்தச் சீட்டை ஒட்டினாள்.

கொத்தனார் எழுந்தார். "மூணு கல்லு, கொஞ்சம் சிமெண்டு. அரை நாள் வேலை சார். கல்லு என் வீட்டுலயே கிடக்கு. நானே வச்சுடுறேன்."

"அது தனிநபர் தலையீடு" என்றார் பொறியாளர்.

"சரி, அப்போ நீங்க வச்சுடுங்க."

"அது நிர்வாகத் திணிப்பு. இந்த ரெண்டும் இருக்கக்கூடாதுன்னுதானே திட்டமே!"

எல்லோரும் விரலை ஆட்டினோம். பொறியாளர் கோப்பைத் திறந்தார். அதில் ஒரு பக்கத்தை விரலால் மூடிக்கொண்டு கேட்டார். "முதல்ல ஒரு அடிப்படைத் தகவல். மொத்தம் எத்தனை படி?"

தினமும் ஏறி இறங்குகிறவர்கள் அத்தனை பேர். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் எதற்காக இழுத்தாள் என்று அன்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம்.

"எண்பத்து மூணு" என்றேன்.

பொறியாளர் விரலை எடுத்தார். "கோப்பில் எண்பது" என்றார்.

நான் உட்கார்ந்திருக்கலாம். "இல்லைங்க. எண்பத்து மூணு. நாலாயிரம் தடவைக்கு மேல எண்ணியிருக்கேன்" என்றேன்.

"அப்போ மூணு படி அனுமதி இல்லாம இருக்கு."

தலைமை ஆசிரியர் எழுந்தார். எதிலும் விளக்கம் கேட்பதால் தெருவில் அவருக்கு 'விளக்கம்' என்றே பெயர். "ஒரு விளக்கம் தேவை. அந்த மூன்று எவை?"

"அதுதான் கேள்வியே. உடைஞ்ச மூணும் அனுமதி இல்லாததா இருந்தா, இல்லாத படியை நாங்க சரிபண்ண முடியாது. உடைஞ்சது அனுமதி உள்ளதுன்னா, நல்லா இருக்கற எண்பதுல மூணு ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பு இருக்கற இடத்துல எந்த வேலையும் தொடங்கக்கூடாது."

"கோப்புல தப்பா எழுதியிருப்பாங்க சார்" என்றார் தையல்காரர்.

அதுவரை தலை நிமிராத எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். குழந்தையைப் பார்ப்பது போல அன்பாகப் பார்த்தார். "கோப்பு தப்புன்னா, அது தப்புன்னு சொல்ல ஒரு கோப்பு வேணும். அது எங்ககிட்ட இல்ல."

கூட்டுக் கணக்கெடுப்பு நடத்துவது என்று முடிவாயிற்று. மக்கள் தரப்பில் எண்ணுவதற்கு ஒருவர் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அன்று மாலைக்குள் நான் கௌரவ எண்ணிக்கை அலுவலர் ஆகிவிட்டேன்.

ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத மேற்சட்டை ஒன்று கொடுத்தார்கள். கழுத்தில் தொங்கவிட அட்டை ஒன்று. அதில் என் படம். முப்பத்து நான்கு வருஷம் கிடங்கில் வேலை பார்த்தும் என் படத்தை யாரும் எதிலும் ஒட்டியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: மேற்சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். சோப்பு வாங்கப் போகும்போதும் போட்டுக்கொண்டேன். "ஏங்க, குளிக்கறப்பவாவது கழட்டுவீங்களா, இல்ல அதுவும் விதிக்கு விரோதமா?" என்று மனைவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அலுவலர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வதில்லை என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

கணக்கெடுப்பு நாளில் மூன்று பேர் எண்ணினோம். எனக்கு எண்பத்து மூன்று வந்தது. பொறியாளருக்கு எண்பத்திரண்டு. கடைசிப் படியில் ஏறி நின்றால் தெருவில் நிற்கிறோம், ஆகவே அது படியல்ல, தெரு என்றார். ஒருங்கிணைப்பாளருக்கு எண்பத்து நான்கு. கீழே சாக்கடையை மூடியிருக்கும் பலகைக் கல்லிலும் கால் வைத்துத்தானே போகிறோம், அதை ஒதுக்குவது பாகுபாடு என்றாள். மூன்றின் சராசரி நான் சொன்னதுதான். ஆனால் சராசரியை ஏற்க விதி இல்லையாம்.

அவள் போகிற போக்கில் ஒவ்வொரு படியிலும் ஒரு முகச் சீட்டு ஒட்டிக்கொண்டே போனாள். சிரிக்கிற முகம், சிரிக்காத முகம், அழுகிற முகம். அந்தப் படி நமக்குள் எழுப்பும் உணர்வைப் பதிவு செய்கிறார்களாம். ஈர மண்ணில் சீட்டு ஒட்டாததால், நாற்பத்தொன்று முதல் நாற்பத்து மூன்று வரை 'உணர்வு ஏதும் பதிவாகவில்லை' என்று குறித்துக்கொண்டாள். என் மனைவி நாற்பதாம் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்கிட்ட இருக்கும்மா, வந்து பதிவு பண்ணிக்க" என்றாள்.

மூன்று பேர் எண்ணி மூன்று விடை வந்ததால், படி என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க ஒரு துணைக்குழு அமைந்தது. விளக்கம் தலைவர். நான் உறுப்பினர். நான்கு அமர்வுகள். முதல் அமர்வில் உயரம் உள்ளதே படி என்றோம். அப்படியானால் தெருமுனைத் திண்டும் படியாகிவிடும் என்று கைவிட்டோம். இரண்டாம் அமர்வில் ஏறுவதற்கு உள்ளதே படி என்றோம். இறங்குகிறவர்கள் மனம் புண்படும் என்றாள் ஒருங்கிணைப்பாளர். மூன்றாம் அமர்வுக்கு விளக்கம் வரவில்லை. படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. நான்காவதற்கு அவரைத் தூக்கி வந்தார்கள். அன்று வரையறை முடிவாயிற்று:

'படி என்பது இரு மட்டங்களுக்கு இடையே பொதுமக்கள் கால் ஊன்றும்பொருட்டு அமைந்து, ஊன்றிய காலைத் தாங்கி நிற்கும் திடப்பொருள்.'

அதில் 'தாங்கி நிற்கும்' என்பது என் பங்களிப்பு. இரண்டு நாள் தூங்காமல் யோசித்தது. விளக்கமே என் தோளில் தட்டிக்கொடுத்தார். சாக்கடைக் கல் இரு மட்டங்களுக்கு இடையில் இல்லை, தள்ளுபடி. மேல் படி காலைத் தாங்குகிறது, சேர்ப்பு. பொறியாளர் ஒப்புக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் விரலை ஆட்டினாள். வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் எண்ணினேன்.

நாற்பது வரை எந்தச் சிக்கலும் இல்லை. நாற்பத்தொன்றின் முன்னால் நின்றேன். காலை ஊன்றினேன். தாங்கவில்லை. நாற்பத்திரண்டு, தாங்கவில்லை. நாற்பத்து மூன்று, அதுவும் இல்லை. கம்பியைக் கட்டிப்பிடித்துக் கடந்துபோய் மீதியை எண்ணினேன். கீழே வந்து கூட்டிப் பார்த்தேன்.

எண்பது.

கிடங்கு வேலை செய்யாதவர்களுக்கு இது புரியாது. ஏட்டில் உள்ள எண்ணும் தரையில் உள்ள எண்ணும் ஒன்றாக வரும் நாள் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அன்று உடம்பெல்லாம் சிலிர்க்கும். தையல் கடை வாசலில் நின்று எனக்குச் சிலிர்த்தது. பொறியாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சான்றிதழ் தயாராயிற்று: 'படிகள் எண்பது. எண்பதும் நல்ல நிலையில் உள்ளன. பழுது: இல்லை.' நான்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு இடத்தில்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "என்னாச்சு? எப்பச் சரிபண்றாங்களாம்?"

"கணக்கு சரியா வந்துடுச்சு."

"படி?"

"எல்லாம் நல்லா இருக்கு. பழுதே இல்ல."

"உங்களுக்கு முழங்கால்ல ஆபரேஷன் பண்ணியிருக்கணும். தப்பா எனக்குப் பண்ணிட்டாங்க" என்றாள்.

எங்கள் தெருவுக்கு 'முன்மாதிரித் தெரு' என்ற சிறப்பு கிடைத்தது. மேல் தெரு, கீழ்த் தெரு ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் நீல வில்லை ஒட்டினார்கள். மற்ற பகுதிக் குழுக்கள் எங்கள் கூட்டு மேலாண்மையைப் பார்த்துப் படித்துக்கொள்ள வரத் தொடங்கின. மேலிருந்து வருகிறவர்கள் நாற்பது படி இறங்கி நிற்பார்கள். கீழிருந்து வருகிறவர்கள் நாற்பது படி ஏறி நிற்பார்கள். இரண்டு கூட்டமும் சரிவுக்கு இருபுறமும் நின்று விரலை ஆட்டிக்கொள்வார்கள். வந்த வழியே திரும்பிப் போவார்கள். ஆறு வாரத்தில் நூற்றுப் பதினேழு பேர் வந்தார்கள். நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் ஒருவர். அவர் தவறான இடத்தில் இறங்கிய பால்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்தால் மனைவியைக் காணவில்லை. வாசலில் கிடந்த நாற்காலியையும் காணவில்லை. மேற்சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். நாற்பதாம் படியில் நாற்காலி. நாற்காலியில் அவள். எதிரே கொத்தனார் சரிவில் இறங்கி நின்று கல்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கல் வைத்தாயிற்று.

"அனுமதி இருக்கா?" என்றேன். என் குரல்தான். எனக்கே பொறியாளர் பேசுவது போல இருந்தது.

"வீட்டுக்காரரா கேக்கறீங்களா, அலுவலரா கேக்கறீங்களா?"

"அலுவலரா."

"அப்போ அலுவலரைப் போய் ஆபீஸ்ல சொல்லச் சொல்லுங்க. வீட்டுக்காரர் அங்க இருந்தா, இந்தக் கல்லோட அந்த முனையைப் பிடிக்கச் சொல்லுங்க. கொத்தனார் தம்பி ஒத்தையாத் தூக்கறாரு."

நான் மேற்சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலிக் கையில் வைத்தேன். முனையைப் பிடித்தேன். மதியத்துக்குள் மூன்று கல்லும் உட்கார்ந்துவிட்டன. கொத்தனார் சொன்ன அரை நாள் அரை நாள்தான். ஈரம் காயட்டும் என்று இரண்டு நாள் விட்டோம். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு என் மனைவி ஒவ்வொரு கல்லாகக் காலை ஊன்றி, எண்பத்து மூன்று படியும் இறங்கினாள். நான் மேலே நின்று எண்ணினேன். ஆறு மணிக்குச் சிவந்த முகத்தோடு திரும்பி வந்தாள். "அவ திருந்தவே மாட்டா" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து எட்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆனால் நடுவில் திங்கள்கிழமை ஒன்று வந்ததே. திங்கள்தோறும் கௌரவ எண்ணிக்கை அலுவலர் வாராந்திரப் படிவம் நிரப்பவேண்டும். ஒரே ஒரு கட்டம்: 'படிகளின் எண்ணிக்கை.' அந்த மூன்று கல்லும் இரு மட்டங்களுக்கு இடையே இருந்தன. பொதுமக்கள் கால் ஊன்ற இருந்தன. தாங்கி நின்றன, என் வார்த்தை. எண்பது என்று எழுதிவிட்டு வந்திருக்கலாம். யாரும் வந்து பார்த்திருக்கமாட்டார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பொய் எண் எழுதக் கை வரவில்லை.

எண்பத்து மூன்று.

புதன்கிழமை அவசரக் கூட்டம். வந்தவர்கள் பதினைந்து பேர். கீழேயிருந்து இந்தத் தடவை வண்டி இல்லை என்பதால் என் கொழுந்தியாள் மட்டும் வரவில்லை. மற்ற கீழ்த் தெருக்காரர்கள் நான்கு பேரும் புதுப் படியில் ஏறியே வந்திருந்தார்கள். விளக்கம்கூடக் கைத்தடியோடு அந்தப் படியில் இறங்கிப்போய் மருந்து வாங்கி வந்திருந்தார்.

"மூன்று படி உபரி" என்றார் பொறியாளர். "உபரியை நீக்கினாத்தான் முன்மாதிரித் தகுதி நிலைக்கும். இல்லன்னா வில்லையைத் திரும்ப எடுத்துடுவாங்க."

வில்லை என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எந்த மூணை நீக்கறது?" என்றார் நடத்துநர்.

"எண்ணிக்கைல கடைசியா வர்ற மூணு. எண்பத்தொண்ணு, எண்பத்திரெண்டு, எண்பத்து மூணு."

தையல்காரர் துள்ளி எழுந்தார். "மேலேயிருந்து எண்ணினா அது என் கடை வாசல் சார்! கஸ்டமர் எல்லாம் குதிச்சா வருவாங்க? கீழேயிருந்து எண்ணுங்க."

"கீழேயிருந்து எண்ணினால் எங்கள் தெருமுனையில் பள்ளம் விழும்" என்றார் விளக்கம். "இந்தக் கணுக்காலோடு நான் எங்கே போவேன்? எண்ணும் திசை குறித்து ஒரு விளக்கம் தேவை."

"மேல் தெருவுக்கு எப்பவுமே மேல இருந்து பாக்கற புத்தி!"

"பள்ளத்திலே இருந்தால் பள்ளத்தைப் பழகிக்கொள்ளவேண்டியதுதானே!"

ஒருங்கிணைப்பாளர் பச்சைச் சீட்டு, சிவப்புச் சீட்டு எல்லாம் கொடுத்துப் பார்த்தாள். எதிரெதிர்த் தரப்பு ஒருவரையொருவர் கட்டியணைக்கச் சொல்லிப் பார்த்தாள். சலவைக்கடைத் தம்பி தபால்காரரைக் கட்டியணைத்தார்; அவர்கள் ஏற்கனவே நண்பர்கள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. இரண்டு தெருவும் இனி முகத்தில் விழிக்காது என்ற நிலை.

எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. கணக்கு எளிதாக இருந்தது. கண்ணுக்கு முன்னால் அழகாக நின்றது. என் வாழ்க்கையில் இரண்டாம் தடவையாகக் கூட்டத்தில் எழுந்தேன். இந்தத் தடவை மனைவி சட்டையை இழுக்கவில்லை. நான் அவள் பக்கம்தான் என்று நினைத்திருப்பாள்.

"நடுவுல இருக்கற மூணை எடுத்துட்டா," என்றேன், "மேலேயிருந்து எண்ணினாலும் கீழேயிருந்து எண்ணினாலும் ஒண்ணுதாங்க. அந்தப் பக்கம் நாப்பது. இந்தப் பக்கம் நாப்பது. யாருக்கும் கூடாது, குறையாது. நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு, நாப்பத்து மூணு."

மண்டபம் முழுவதும் கைகள் உயர்ந்தன. விரல்கள் ஆடின. தையல்காரரும் விளக்கமும் ஒருவரையொருவர் தாமாகவே கட்டியணைத்தார்கள். படம் எடுப்பவர் அதைப் படம் எடுத்தார். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அவை எந்தக் கற்கள் என்று எனக்கு உறைத்தது.

ஆதரவு பன்னிரண்டு. எதிர்ப்பு இரண்டு: என் மனைவி, கொத்தனார். படம் எடுப்பவர் நடுநிலை. பன்னிரண்டில் ஒன்று என் கை. அது எனக்கு முன்பே எழுந்துவிட்டிருந்தது. கூட்டம் முடிந்து போகும்போது கொத்தனார் என்னிடம் சொன்னார்: "பெரியவரே, அந்த எண்பத்து மூணுல ஒழுங்கா இருந்தது அந்த மூணுதான்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி கேட்டாள். "எத்தனை மணிக்கு இடிக்கறாங்க?"

"வெள்ளிக்கிழமை காலைல பத்து மணி."

வியாழக்கிழமை நாலு மணிக்குப் பையை எடுத்தாள். துணி ஆறு, மாத்திரை முப்பது, முழங்கால் உறை ஒன்று, கண்ணாடி ஒன்று, தைலம் அரைப் புட்டி. நான் எண்ணினேன். எண்ணுவதை அவள் பார்த்தாள்.

"எங்க?"

"கீழ."

"எப்ப வருவ?"

"படி இருக்கறப்போ."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். கொத்தனார் கட்டியது அவ்வளவு எளிதில் பெயரவில்லை. அரை நாளில் வைத்ததை எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. சனிக்கிழமை மதியம் எண்ணிப் பார்த்தேன். எண்பது. பொறியாளர் கை குலுக்கினார். சான்றிதழில் மீண்டும் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வில்லைகள் நிலைத்தன. இப்போது மேல் தெருக்காரர்கள் மருந்துக்கும் தையலுக்கும் ஆறு கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்கள். நீல வில்லை ஒட்டிய கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள்.

அன்று நாலு மணிக்கு நாற்பதாம் படிவரை போனேன். சரிவுக்கு அந்தப் பக்கம் என் மனைவி ஏறி வந்து நின்றிருந்தாள். கையில் ஒரு டப்பா.

"கணக்கு சரியா வந்துச்சா?"

"வந்துச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

டப்பாவைக் கைத்தடியில் மாட்டி நீட்டினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி வாங்கினேன். கீழேயிருந்து கொழுந்தியாளின் குரல் கேட்டது. "அக்கா! அத்தானை விட்டுட்டு வா! பாதிச் சண்டைல எழுந்து போயிட்டே!"

"வண்டி வச்சு சுத்தி வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றேன்.

"எதுக்கு வண்டி? எண்பது படி இருக்கு, எண்பதும் நல்லா இருக்கு, பழுதே இல்லன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? நடந்து வாங்க" என்றாள். திரும்பி மெதுவாக இறங்கிப் போனாள். நாற்பது படி.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். பழக்க தோஷம், உள்ளே நுழைந்ததும் எண்ணினேன். நாற்காலி மூன்று, தட்டு ஐந்து, டம்ளர் நான்கு. ஆள் ஒன்று.